மாப்பிள்ளை மடிப்பு

எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஓடிப்போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

பொழுதுபோகாமல் கதை கட்டுகிற ஆள் நான் இல்லை. எங்கள் குடும்பத்துக்கு மூத்தவன். இந்தத் துறைமுகத்தில் என் வார்த்தையை நம்பிக் கையெழுத்தில்லாமல் டீசல் தருவார்கள். இது நடந்தது என் தம்பிக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என்னிடம் சொன்னான். மறுநாள் திரும்பச் சொல்லச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து, அவன் எதிர்பாராத நேரத்தில், மறுபடியும் கேட்டேன். மூன்று முறையும் ஒரு சொல் மாறவில்லை. படகில் கூட இருந்த இரண்டு பேரையும் தனித்தனியே உட்காரவைத்து விசாரித்தேன். அவர்கள் சொன்னதும் அதேதான்.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் பிடிப்பது ஆழ்கடல் சுறா. பெரிய சுறா என்று நினைக்காதீர்கள். ஒரு ஆள் இடுப்பு உயரம்தான் இருக்கும். முதுகில் இரண்டு கூர்முள். இருட்டில் விளக்கு வைத்தது போலப் பச்சை நிறத்தில் பெரிய கண்கள். அதனால் நாங்கள் அதைப் பச்சைக்கண்ணி என்போம். கரையோரக் கடலில் அது கிடைக்காது. கடலடி மண் சரிந்து சரிந்து இறங்கி, வெயில் எட்டிப் பார்க்காத ஆழத்துக்குப் போகும். அந்தச் சரிவில்தான் வாழ்கிறது. நானூறு பாகம், ஐந்நூறு பாகம் ஆழம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அதன்படி கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றில் குட்டியை இரண்டு வருடம் சுமக்கும். கடைசியில் ஒன்றோ இரண்டோதான் ஈனும்.

அதன் கறிக்கு விலையில்லை. விலையெல்லாம் ஈரலுக்குத்தான். உடம்பில் கால்பங்கு ஈரல். வெண்ணெய் போல வெளிறி, தொட்டால் எண்ணெய் கசியும். அந்த எண்ணெய்தான் அதை மூழ்காமல் வைத்திருக்கிறது. முகப்பூச்சுக்கும் மருந்துக்கும் வாங்கிப் போகிறார்கள். ஈரலை எடுத்துப் பீப்பாயில் போட்டுவிட்டு உடம்பைக் கடலிலேயே தள்ளிவிடுவோம். கல்லைப் போட்டது போல இறங்கிப் போகும்.

எங்கள் வீட்டுக்கென்று ஒரு முறை உண்டு. செத்த மீனில் ஈரல் எடுக்க மாட்டோம். உயிர் இருக்கும்போதே எடுப்போம். அப்படி எடுத்தால்தான் எண்ணெய் தெளிவாக இருக்கும். செவுளுக்குக் கீழே கத்தியை வைத்து ஒரே இழுப்பு. மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்க முடியாதவன் எங்கள் படகில் ஏற வேண்டாம்.

எங்கள் தங்கையின் கணவரை எல்லாரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டோம். என் தம்பி கூப்பிட்டான், இஞ்சின்காரர் கூப்பிட்டார், டீக்கடைக்காரனும் அப்படித்தான் கூப்பிட்டான். இந்த வேலைக்கு வரும்போது அவருக்கு மீனின் தலை எது வால் எது என்பதே தெரியாது. கத்தி பிடிக்க நான்தான் கற்றுக்கொடுத்தேன். இடதுகைக்காரர். நாங்கள் வலமிருந்து இழுத்தால் அவர் இடமிருந்து இழுப்பார். வாய் ஓயாது. மீனைக் கிழிக்கும்போதுகூடப் பேச்சுதான்.

"கொஞ்சம் பொறுத்துக்க தாயி. உன் ஈரல் ஊர்ல யாரோ ஒரு கிழவியைக் குமரி ஆக்கப்போகுது."

அவருடைய முக்கிய வேலை இரை கோப்பது. எங்களுடையது ஆயிரங்கால் தூண்டில். ஒரு நீளமான தாய்க்கயிறு. அதில் கைநீளத்துக்குக் கிளைக்கயிறுகள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முள். நாற்பது முள்ளுக்கு ஒரு கூடை. கணவாய் மீன் துண்டை முள்ளில் குத்தி வரிசையாகக் கூடை விளிம்பில் மாட்ட வேண்டும். மற்றவர்கள் ஒரே குத்தாகக் குத்திவிட்டுப் போவார்கள். மாப்பிள்ளை அப்படிச் செய்ய மாட்டார். ஒரு தடவை குத்தி, துண்டை மடித்து, மறுபடி குத்தி, முள்ளின் நுனியை மடிப்புக்குள் ஒளித்துவைப்பார். வெளியே கூர் தெரியவே தெரியாது. குழந்தையைப் போர்த்தித் தூங்கவைத்தது போல இருக்கும். அதற்குப் பெயரே மாப்பிள்ளை மடிப்பு. எத்தனையோ பேர் முயன்றார்கள். யாருக்கும் வரவில்லை.

ஒரு கூடை முடிந்ததும் கத்திப்பிடியால் விளிம்பில் தட்டுவார். டக்... டக்டக். அடுத்த கூடையைக் கொண்டு வா என்று அர்த்தம்.

அவர் காணாமல் போனது இரண்டு வருடத்துக்கு முன்னால். விடிந்த கொஞ்ச நேரம். தூண்டிலை இறக்கி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை படகின் பின்பக்கம் காலிக் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தம்பி அவருக்கு டீ எடுத்துக்கொண்டு போனான். கூடைகள் இருந்தன. கத்தி இல்லை. ஆளும் இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. இரண்டு நாள் தேடினார்கள். ஒரு செருப்புகூட மிதக்கவில்லை.

அதோடு போயிருந்தால் துக்கம் துக்கமாக இருந்திருக்கும். ஒரு வாரம் கழித்து வலைக்கடைக்காரன் வாயைத் திறந்தான். வேறொரு துறைமுகத்தில் மாப்பிள்ளையைப் பார்த்தானாம். பஸ்ஸில் ஏறினாராம். பக்கத்தில் ஒரு பொம்பளையாம். மஞ்சள் புடவையாம்.

அந்தப் புடவையின் நிறம் போதுமாக இருந்தது ஊருக்கு. தங்கை குழாயடிக்குப் போனால் பேச்சு நிற்கும். அவள் திரும்பி நடந்தால் சிரிப்பு தொடங்கும். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்பது அவளுக்குப் பெயராகவே ஆகிவிட்டது. மாமியார் வீட்டில், புருஷனைப் பிடித்துவைக்கத் தெரியாதவள் என்று சொல்லித் துணிமூட்டையோடு அனுப்பிவைத்தார்கள். என் முகத்துக்கு எதிரே யாரும் பேசவில்லை. முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அது என் முதுகில் விழுந்த அடி.

இரண்டு வருடம் பொறுத்தேன். பிறகு தம்பியைக் கூப்பிட்டேன்.

"அந்தச் சரிவுக்கே போ. அதே இடத்துல தூண்டிலை இறக்கு."

மாப்பிள்ளை போன நாளிலிருந்து அந்தப் பக்கமே படகைத் திருப்பாதவன் அவன்.

"அங்க போய் என்னண்ணே கிடைக்கும்?"

"செத்தாரா ஓடினாரான்னு எனக்குத் தெரியணும். சட்டை கிழிசல், பெல்ட்டு, எது வேணா இருக்கட்டும். ஒரு பொத்தான் போதும். வெறுங்கையோட என் முன்னால வந்து நிக்காதே."

கதவுக்குப் பின்னால் தங்கை நின்றிருந்தாள். வெளியே வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சின்னண்ணே, கல்யாணத்துக்குப் போட்ட கடிகாரம் அவரு கையிலதான் இருந்துச்சு. அது கிடைக்குமா?"

தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய பழைய மாதிரிக் கடிகாரம் அது. ஒரு நாள் மறந்தால் நின்றுவிடும். நான் வாங்கிப் போட்டது.

மூன்று பேர் போனார்கள். தம்பி, இஞ்சின்காரர், மீன் கிழிக்கிற நெட்டையன். எட்டுக் கூடை. விடியும்போது அதே சரிவில் இறக்கினார்கள். வழக்கமாக நடுப்பகலில் ஏற்றத் தொடங்குவார்கள். அன்று கயிறு இழுக்கும் வின்ச்சின் பெல்ட் அறுந்துவிட்டது. மாற்றிப் போட்டு ஏற்றத் தொடங்கும்போது மணி நாலே கால்.

முதல் கூடை ஒழுங்காக ஏறியது. நாலு பச்சைக்கண்ணி. நெட்டையன் கிழித்தான். நல்ல வெளிறிய ஈரல். இஞ்சின்காரர் சிரித்தார்.

"ரெண்டு வருஷம் யாரும் தொடாத இடம் அண்ணே. பீப்பா பத்தாது போல."

இரண்டாவது கூடையில் கயிறு கனத்தது. வின்ச் முக்கியது. பெரிய மீன் என்று நினைத்தான் தம்பி. ஏறியது சின்ன மீன்தான். ஆனால் ஈரத்துணி போலத் தொங்கியது. பளுவாக இருந்தது. நெட்டையன் அதைத் தளத்தில் போட்டுப் புரட்டினான். கத்தியை எடுத்தவன் அப்படியே நின்றான்.

"அண்ணே... இது ஏற்கெனவே கிழிச்சிருக்கு."

செவுளுக்குக் கீழே ஒரே இழுப்பு. சுத்தமான வெட்டு. உள்ளே ஈரல் இல்லை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"வேற மீன் கடிச்சிருக்கும்டா," என்றான் தம்பி.

"கடிச்சா பிஞ்சுல்ல இருக்கும்? இது கத்தி."

அப்போதுதான் அந்த மீன் வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. ஈரல் இல்லாத மீன், நானூறு பாகம் ஏறி வந்து, உயிரோடு இருந்தது.

அடுத்த மீனும் அப்படியே. அதற்கடுத்ததும். அந்தக் கூடையில் ஏழு மீன். ஏழும் கிழிந்தவை. ஏழும் வாயசைத்தன. தம்பி ஒன்றைத் தூக்கி வெட்டைப் பார்த்தான். தொடக்கத்தில் ஆழம், முடிவில் மெலிவு. இத்தனை வருடம் ஈரல் எடுத்தவனுக்குக் கத்தி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியாதா?

இடமிருந்து இழுத்திருந்தது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. மீன்களைக் கடலில் தள்ளச் சொன்னான். ஏழும் கல் போல இறங்கின.

"வின்ச்சைப் போடுங்க," என்றான்.

மூன்றாவது கூடையில் மீனே இல்லை. முள்கள் மட்டும் ஏறின. முள்ளில் இரை இருந்தது. மீன் தொடாத இரை சில நேரம் அப்படியே வருவதுண்டுதான். ஆனால் காலையில் இவர்கள் குத்தியது கணவாய். வெள்ளைத் துண்டு. இப்போது ஏறியது கறுத்த சிவப்பில், கொழகொழவென்று...

நெட்டையன் ஒன்றை விரலால் தொட்டான்.

"ஈரல் அண்ணே. அந்த மீனுங்க ஈரலை எடுத்து இதுல..."

முடிக்கவில்லை.

தம்பி தண்ணீரைப் பார்த்தான். சுறா ஈரல் என்றால் தண்ணீரில் எண்ணெய் படர வேண்டும். வானவில் போல மினுமினுக்க வேண்டும். ஒரு சொட்டு மினுக்கம்கூட இல்லை.

பிறகுதான் முள்ளைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

கூர் தெரியவில்லை. ஒரு குத்து. ஒரு மடிப்பு. மறுபடி குத்து. நுனி உள்ளே ஒளிந்திருந்தது.

மாப்பிள்ளை மடிப்பு.

அடுத்த முள். அதே மடிப்பு. அடுத்தது. அதே. வரிசையாக ஏறிக்கொண்டே இருந்தன. ஒன்றுகூட வெறுமையாக இல்லை. நெட்டையன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கடலில் எறிந்தான்.

இஞ்சின்காரர் வின்ச்சை நிறுத்தினார்.

"அண்ணே, கயித்தை வெட்டிட்டுப் போயிரலாம். தூண்டில் போனா போகுது."

"பெரியண்ணன் முன்னால எப்படிப் போய் நிப்பேன்?"

"உயிரோட போய் நில்லுங்க. அது போதும்."

"ஒரு பொத்தானாவது வேணும். போடுங்க வின்ச்சை."

என் தம்பி கோழை இல்லை. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வெயில் இறங்கியது. நாலாவது கூடை. ஐந்தாவது கூடை. ஆறாவது கூடை. வின்ச்சின் முனகல் மட்டும். வானம் சாம்பலாகி, தண்ணீர் கறுத்தது.

ஆறே கால் இருக்கும். அப்போது கேட்டது.

டக்... டக்டக்.

மூவரும் நிமிர்ந்தார்கள்.

"பீப்பா உருளுதா?"

"பீப்பா கட்டியிருக்கு."

டக்... டக்டக்.

சத்தம் தளத்தின் மேல் இல்லை. பக்கவாட்டில் இல்லை. காலுக்குக் கீழே. படகின் அடிப்பலகைக்கு வெளியே.

நெட்டையனுக்கு மாப்பிள்ளையோடு பழக்கம் உண்டு. அந்தத் தட்டு அவனுக்குத் தெரியும். எத்தனையோ காலை அவன்தான் அடுத்த கூடையை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவன் கால்கள் தாமாகவே கூடைப்பக்கம் இரண்டு எட்டு நடந்தன. பிறகுதான் நின்றான்.

"அடுத்த கூடை கேக்குறாரு..." என்றான். அழுதுகொண்டிருந்தான்.

தம்பி விளிம்பில் குனிந்து பார்த்தான்.

பச்சை.

தண்ணீருக்குள் பச்சைப் புள்ளிகள். இரண்டிரண்டாக. படகைச் சுற்றி, வளையமாக, அசையாமல்.

பச்சைக்கண்ணி மேலே வராது. தூண்டில் இழுத்தால் தவிர வரவே வராது. வெளிச்சம் அதற்கு ஆகாது. இவை எந்த முள்ளிலும் மாட்டியிருக்கவில்லை. சும்மா நின்றன. கீழே பார்க்கவில்லை. மேலே பார்த்தன.

படகு ஓரத்தில் நாங்கள் பிடித்த மீன் கிடந்து பார்க்கும் அல்லவா... அப்படி இல்லை. பிடிக்கப்போகிறவன் பார்ப்பது போல.

எட்டாவது கூடை.

பத்து முள் பாக்கி. எல்லாம் மடிப்பு.

ஐந்து முள்.

இரண்டு.

கடைசி முள் தண்ணீரை விட்டு மேலே வந்தது. அதன் மடிப்புக்குக் கீழே ஏதோ தொங்கியது. விளக்கில் பளிச்சென்றது.

கடிகாரம்.

வார் அறுபடவில்லை. கிளைக்கயிற்றில் சுற்றி, பக்கிள் போட்டு, ஒழுங்காக மாட்டியிருந்தது. கண்ணாடியில் பாசி இல்லை. கீறல் இல்லை.

தம்பியின் நெஞ்சு குளிர்ந்தது. பயத்தில் இல்லை. சந்தோஷத்தில். பெரியண்ணன் கேட்டது. தங்கை கேட்டது. இதோ. இனி எவன் வாய் திறப்பான்?

"வின்ச்சை நிறுத்துங்க!"

வயிற்றை விளிம்பில் அழுத்தி, கையை நீட்டினான்.

கிட்டே வந்தபோது சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்.

டிக். டிக். டிக்.

ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு ஐம்பத்திரண்டு. தன் கையைப் பார்த்தான். அதிலும் ஆறு ஐம்பத்திரண்டு.

சாவி கொடுக்காவிட்டால் ஒரே நாளில் நின்றுபோகும் கடிகாரம்...

காலையில் யாரோ சாவி கொடுத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. சுறாவுக்குக் கணவாய் வைப்போம். எந்த மீனுக்கு எது பிடிக்குமோ அதைத்தானே வைப்போம்?

கையை இழுத்தான்.

தாமதம்.

முள் திரும்பியது. காற்றில், தானாக, மணிக்கட்டைத் திருப்புவது போல. உள்ளங்கையில் இறங்கியது. மடிப்போடு. எலும்பு வரை.

கயிறு கீழே பாய்ந்தது.

பிரேக் போட்டிருந்தது. இருந்தும் பாய்ந்தது.

கிளைக்கயிறு அவன் விரலில் சுற்றி இறுகியது. தோள் வெளியே போனது. தலை வெளியே போனது. தண்ணீர் முகத்துக்கு ஒரு சாண். பச்சைக்கண்ணிகள் வாயைத் திறந்தன. மூடின. திறந்தன.

அவற்றுக்கு நடுவே ஒரு கை.

வெளிறிய கை. இடது கை. கத்தி பிடித்திருந்தது. காத்திருந்தது.

"வெட்டுடா!"

நெட்டையன் கயிற்றை வெட்டினான்.

தம்பி தளத்தில் மல்லாந்து விழுந்தான். உள்ளங்கையில் முள் இருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. கயிறு கொண்டுபோய்விட்டது. கடிகாரமும் போய்விட்டது.

இஞ்சின்காரர் இஞ்சினைக் கிளப்பினார். அந்த இரைச்சலுக்கு அடியிலும் மூவருக்கும் கேட்டது. ஒரே ஒரு முறை.

டக்... டக்டக்.

கரைக்கு வந்ததும் நேரே ஆஸ்பத்திரி. எனக்கு ஆள் அனுப்பினார்கள். தங்கையையும் அழைத்துக்கொண்டு ஓடினேன். தம்பி கையை ஒரு தட்டின் மேல் நீட்டியபடி கிடந்தான். முள் அசையாமல் நின்றது. அதில் அந்தக் கறுத்த துண்டு, மடித்தபடி.

தங்கை குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இரண்டு வருடமாக நான் காணாத ஒரு தெளிவு அவள் முகத்தில் வந்தது.

"அவருதான். அவரு மடிப்புதான் பெரியண்ணே."

பிறகு விரலை அருகில் கொண்டுபோய், தொடாமல், காட்டினாள்.

"ஓரத்தை இன்னும் உள்ள தள்ளுவாரு. அவசரத்துல மடிச்ச மாதிரி இருக்கு. வேலை அதிகம் போல."

டாக்டர் முள்ளை எடுக்க வந்தார். இளவயது அம்மாள். நான் குறுக்கே நின்றேன்.

"ரெண்டு மணி நேரம் பொறுங்க டாக்டர்."

"என்ன பேசுறீங்க? கை அழுகிடும். அவரு வலியில துடிக்கிறாரு."

"துடிக்கட்டும். இது எங்க வீட்டு மானம்."

தம்பி என்னைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். அவனும் இந்த வீட்டுப் பிள்ளைதானே.

நானே போய் வலைக்கடைக்காரனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். அவனோடு இரை கோக்கத் தெரிந்த நாலு பேரையும் கூட்டிவந்தேன். குழாயடிப் பெண்கள் சிலர் தாமாகவே பின்னால் வந்தார்கள். வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னேன். தம்பி கையை நீட்டியபடி கிடந்தான். பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், இது வேறு யாருக்கும் வராத மடிப்பு என்று. வலைக்கடைக்காரன் கடைசியில் வந்தான். பார்த்தான். வியர்த்துக் கொட்டியது.

"பஸ்ஸுல பார்த்தது யாரு?" என்று கேட்டேன்.

"நான்... சாயல் மாதிரி இருந்துச்சு பெரியவரே..."

"மஞ்சள் புடவை?"

"புடவையெல்லாம்... பேச்சுக்குச் சொன்னேன்."

தங்கையின் முன்னால் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டான். அதற்குப் பிறகுதான் டாக்டரை உள்ளே விட்டேன்.

தம்பிக்கு இப்போது அந்தக் கை மூடாது. மூன்று விரலால் ஸ்டீரிங் பிடிக்கிறான். சங்கடமில்லை. தங்கை குழாயடிக்குப் போனால் இன்று வழிவிடுகிறார்கள்.

இங்கேயே நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பத்து நாள் கழித்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். முள்ளோடு வந்த துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருந்தாராம், விஷம் ஏறிவிடக் கூடாதே என்று.

"பெரியவரே, அது எங்கிருந்து வந்துச்சு?"

"கடல்லேருந்து. சுறா ஈரல்."

"ஈரல்தான். சுறாவோடது இல்லை."

சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"மனுஷ ஈரல். ரெண்டு வருஷம் பழசுன்னு நினைக்காதீங்க. இவரு கைக்கு வந்தப்போ, அதை எடுத்து ஒரு நாள்கூட ஆயிருக்காது. ரத்தம் இருந்த விதத்தைப் பார்த்தா..." அவர் குரல் இறங்கியது. "உயிரோட இருக்கும்போதே எடுத்திருக்காங்க."

போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்றார். சொல்லுங்கள் என்றேன். எந்த போலீஸ் அங்கே இறங்கும்?

வீட்டுக்கு நடந்துவந்தேன். செத்ததில் ஈரல் எடுக்காதே என்று மாப்பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். எங்கள் வீட்டு முறையை அவர் விடவில்லை. அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் அன்றிலிருந்து ஒரு கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது சின்னக் கணக்கு. அந்த அளவுக்குத் துண்டு போட்டால், ஒரு ஆளுடைய ஈரல் ஐம்பது முள்ளுக்கு மேல் வராது.

அன்று அந்த மடிப்போடு ஆறு கூடை ஏறியது, கூடைக்கு நாற்பது முள். ஒரு முள்கூட வெறுமையாக இல்லை.